அமாவாசைக்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் சிவகங்கை சாலைப் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பாண்டி கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் பாதி எங்கள் கடை வழியாகத்தான் போகும். தலைவலி மாத்திரை கேட்டு வருகிறவர்கள் அப்படியே இன்னொன்றையும் கேட்பார்கள்: "அமாவாசை வந்தா எங்க பையன் ஒரு மாதிரி ஆயிடுறான், அதுக்கு எதுவும் மாத்திரை இருக்கா?" கடையில் நின்றபடி சொல்ல முடிகிற பதில் இரண்டு வரிதான். மீதியை இங்கே எழுதியிருக்கிறேன். நான் மருந்தாளுநர், மருத்துவர் இல்லை. மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டரைக் கேட்டுச் செய்ய வேண்டியவை.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். அமாவாசை, பௌர்ணமியில் மனுசனுக்குப் புத்தி மாறுமா?

மாறாது. தூக்கத்தில் கொஞ்சம் கைவைக்கலாம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

1985-ல் ராட்டன், கெல்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் அதுவரை வந்திருந்த 37 ஆய்வுகளை ஒன்றாகப் போட்டு அலசினார்கள். மனநல மருத்துவமனைச் சேர்க்கை, குற்றங்கள், நெருக்கடி உதவிக்கு வந்த தொலைபேசி அழைப்புகள் என்று எல்லாம் அதில் இருந்தன. அவற்றின் ஏற்ற இறக்கத்தில் நூற்றில் ஒரு பங்குகூட நிலாவோடு பொருந்தவில்லை. பொருந்தியதாகச் சொல்லப்பட்ட சிலவற்றைத் தோண்டிப் பார்த்தால் கணக்கில் ஓட்டை. ஒரு சாலை விபத்து ஆய்வில் பௌர்ணமி இரவுகள் பலவும் சனி, ஞாயிறை ஒட்டியே விழுந்திருந்தன. வார இறுதியில் விபத்து எப்படியும் அதிகம். அதைச் சரிசெய்தவுடன் பௌர்ணமியின் பங்கு காணாமல் போய்விட்டது.

கடலே பொங்குகிறது. நம் உடம்பில் 60 சதவீதம் தண்ணீர். அது மட்டும் சும்மா இருக்குமா?

என் கடையில் இதைக் கேட்காத ஆளே இல்லை. நம்மூர் ஆட்கள் மட்டும் கேட்பதில்லை. அமெரிக்காவில் மயாமியைச் சேர்ந்த ஆர்னால்டு லீபர் என்ற மனநல மருத்துவர் 1970-களில் இதையே சொன்னார். கடல் ஏறி இறங்குவதுபோல உடம்புக்குள்ளும் ஓதம் ஏறி இறங்குகிறது என்று எழுதி, அந்த ஊர்க் கொலைக் கணக்கை ஆதாரமாகக் காட்டினார். வேறு ஊர்க் கணக்குகளை எடுத்துப் பார்த்தபோது அது நிற்கவில்லை.

கடல் ஏறுவதற்குத் தண்ணீராக இருப்பது மட்டும் போதாது, அகலமும் வேண்டும். பூமியில் நிலாவைப் பார்த்த பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் இடையே ஏறத்தாழ 12,700 கிலோமீட்டர். அதனால் நிலாவின் இழுப்பு இந்தப் பக்கம் கொஞ்சம் கூடுதலாகவும் அந்தப் பக்கம் கொஞ்சம் குறைவாகவும் இருக்கிறது. இந்த வித்தியாசம்தான் ஓதமாகத் தெரிகிறது. நம் உச்சந்தலைக்கும் உள்ளங்காலுக்கும் இடையே ஐந்தரை அடிதான். அந்தத் தூரத்தில் வருகிற வித்தியாசத்தை எடையாகக் கணக்குப் போட்டால், ஒரு மல்லிகை மொட்டின் எடையில் கோடியில் ஒரு பங்குகூடத் தேறாது.

நம்பிக்கை வரவில்லையா? வைகை அணையின் நீர்மட்டத்தைத் தினமும் அளந்து பேப்பரில் போடுகிறார்கள். மழை பெய்தால் ஏறும், மதகைத் திறந்தால் இறங்கும். பௌர்ணமிக்கு ஏறி அஷ்டமிக்கு இறங்கியதாக யாரும் எழுதியதில்லை. பாம்பனில், அதுவும் கடலிலேயே, ஏற்றம் ஒரு மீட்டருக்குள்தான். அத்தனை பெரிய அணைக்கு ஏறாதது நம் மண்டைக்குள் ஏறும் என்று சொன்னால் எப்படி?

எங்கள் வீட்டில் கண்ணால் பார்த்திருக்கிறோமே. மாசம் தவறாமல் அமாவாசைக்குத்தான் வருகிறது.

நீங்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. ஆனால் இதில் மூன்று விஷயங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன.

முதலாவது, நாம் அமாவாசை என்று எதைச் சொல்கிறோம் என்பது. ஒரு நாளைத்தான் சொல்கிறோம் என்று நினைப்பு. ஆனால் முதல் நாள் வந்தாலும் "நாளைக்கு அமாவாசைல்ல, அதான்" என்போம். மறுநாள் வந்தாலும் "நேத்து அமாவாசை, இன்னும் விடலை" என்போம். பௌர்ணமிக்கும் அதே கதை. ஆக மூன்றும் மூன்றும் ஆறு நாட்கள். ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்கு இருபத்தொன்பதரை நாள். அதாவது ஐந்து நாளில் ஒரு நாள் நமக்கு அமாவாசையோ பௌர்ணமியோதான். எது எப்போது நடந்தாலும் ஐந்தில் ஒன்று தானாகவே அதில் போய் விழும்.

இரண்டாவது, ஞாபகம். தேய்பிறைச் சப்தமியில் பையன் சுவரைப் பார்த்துக் கத்தினால் யாரும் காலண்டரைப் பார்ப்பதில்லை. அமாவாசையன்று கத்தினால் பத்து வருடத்துக்குச் சொல்லுவார்கள். அது போக, அன்றைக்கு வீடே அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறது. கதவைப் பூட்டுவது, ஆள் மாற்றி ஆள் விழித்திருப்பது, "பேசாம படுடா" என்று பத்துத் தடவை அதட்டுவது. நல்ல மனநிலையில் இருக்கிறவனுக்கே அன்றைக்குக் கோபம் வரும்.

மூன்றாவதுதான் முக்கியம். அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. வீட்டில் மாதம் ஒருமுறை வருகிற விஷயம் நிலா மட்டுமா? சம்பளம் மாதம் ஒருமுறை. மாதவிடாய் கிட்டத்தட்ட மாதம் ஒருமுறை. மாத்திரை தீர்வதும் மாதம் ஒருமுறை.

ஓர் அம்மா கடைக்கு வருவார். மகனுக்கு மாத்திரை வாங்கத்தான். ஒரு தடவை மஞ்சள் பையைக் கவிழ்த்துக் கல்லாமேசையில் கொட்டினார். காலி அட்டைகள் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி இருந்தன. மடித்து மடித்துக் கிழிந்துபோன சீட்டு, அதன் மேல் திருநீறு. "அமாவாசை ஆனா போதும் தம்பி, தூங்க மாட்டேங்கிறான்" என்றார். சீட்டில் இருபத்தைந்து நாளுக்கு எழுதியிருந்தது. பின்பக்கத்தில் ஒவ்வொரு மாதமும் வாங்கிய தேதி இருந்தது. சுவரில் தொங்கிய காலண்டரை வைத்து இரண்டு பேரும் பார்த்தோம். ஒவ்வொரு மாதமும் அமாவாசைக்கு இரண்டு மூன்று நாள் முந்தியே மாத்திரை தீர்ந்திருந்தது. "அமாவாசை முடியட்டும், கோயிலுக்குப் போயிட்டு வந்து வாங்கிக்குவோம்" என்று விட்டிருக்கிறார்கள். அந்த இரண்டு மூன்று நாளில் தூக்கம் கெட்டு, அமாவாசையன்று வெடித்திருக்கிறது.

சிலருக்கு முப்பது நாளுக்கு எழுதியிருக்கும். அதற்கும் இருபத்தொன்பதரை நாள் நிலாவுக்கும் அரை நாள்தான் வித்தியாசம். ஒருமுறை இரண்டும் ஒட்டிக்கொண்டால் நாலைந்து மாதம் பிரியாது. அந்த அம்மா வீட்டைப் போல அமாவாசை முடிந்த பிறகே வாங்குவோம் என்று நாமே முடிச்சுப் போட்டுவிட்டால் எப்போதுமே பிரியாது.

அமாவாசையா, பௌர்ணமியா? எது அதிகம் பாதிக்கும்?

நம் பக்கத்தில் மனநோயை அமாவாசையோடு சேர்த்துத்தான் அதிகம் பேசுவார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பழி முழுக்கப் பௌர்ணமி மேல். அங்கே அவசரப் பிரிவு நர்சுகள்கூட "இன்னைக்குப் பௌர்ணமி, கூட்டம் தாங்காது" என்பார்களாம். ஒரே நிலா, ஒரே மூளை. இருந்தும் அங்கே ஒரு நாளில் ஆட்டுகிறது, இங்கே பதினைந்து நாள் தள்ளி ஆட்டுகிறது என்றால், ஆட்டுவது நிலா இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இதே அமாவாசையை 'நிறைந்த அமாவாசை' என்று சொல்லிப் புது வண்டி எடுக்கிறவர்களும் நாம்தான்.

தூக்கத்தில் கைவைக்கும் என்றீர்களே, அது என்ன?

2013-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் 33 பேரை நிலா வெளிச்சமே புகாத ஆய்வு அறையில் தூங்கவைத்து எடுத்த பழைய பதிவுகளை மறுபடி பார்த்தார்கள். பௌர்ணமியையொட்டி ஆட்கள் சுமார் 20 நிமிடம் குறைவாகத் தூங்கியிருந்தார்கள், ஆழ்ந்த தூக்கத்தின் அளவும் குறைந்திருந்தது. உலகம் முழுக்க இது செய்தியாக ஓடியது. அடுத்த வருடமே ஜெர்மனியில் அதைவிடப் பல மடங்கு ஆட்களின் பதிவுகளைப் பார்த்தார்கள், ஒன்றும் தென்படவில்லை. இந்த இரண்டாவது செய்தி அவ்வளவாக ஓடவில்லை.

2021-ல் வந்தது இன்னும் சுவாரசியம். அர்ஜென்டினாவில் தோபா என்ற பழங்குடி மக்கள் 98 பேருக்குக் கையில் கருவி கட்டித் தூக்கத்தை அளந்தார்கள். அவர்களில் சிலருடைய ஊரில் மின்சாரமே கிடையாது, சிலருக்குக் கொஞ்சம் உண்டு, சிலர் நகரத்தை ஒட்டி இருக்கிறவர்கள். கூடவே அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் 464 கல்லூரி மாணவர்கள். எல்லோரும் பௌர்ணமிக்கு மூன்று முதல் ஐந்து நாள் முந்திய இரவுகளில் தாமதமாகப் படுத்தார்கள், குறைவாகத் தூங்கினார்கள். மின்சாரம் இல்லாத இடத்தில் இது கூடுதல்.

பௌர்ணமியன்று இல்லாமல் ஏன் அதற்கு முந்தி? வளர்பிறைத் தசமி, ஏகாதசி வாக்கில் பொழுது சாயும்போதே நிலா உச்சியை நோக்கி ஏறிவிட்டிருக்கும். மாலை வேலைக்கு அந்த வெளிச்சம்தான் உதவும். பௌர்ணமிக்குப் பிறகு நிலா எழுவதே நேரம் கழித்து. 2012 வாக்கில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது மொட்டை மாடியில் பாயைப் போட்டுக்கொண்டு நேரம் போனது தெரியாமல் பேசியவர்களுக்கு இது புரியும். இப்போது அந்தக் கணக்கு மாறிவிட்டது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். நடுவானில் நிற்கிற முழுநிலாவின் வெளிச்சம் ஒரு லக்ஸில் நாலில் ஒரு பங்குகூட வருவது அபூர்வம். தெருவிளக்குக்கு அடியில் அதைப்போல் பல பத்து மடங்கு வெளிச்சம். அதற்கு மேல் கையில் செல்போன். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பதில் செல்போனோடு நிலாவால் போட்டி போட முடியாது.

இருமுனை மனநோய் உள்ளவர்களுக்கும் ஒன்றும் செய்யாதா?

இங்கேதான் நான் கொஞ்சம் நிதானமாகப் பேசுவேன். அதீத உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வருகிற இந்த நோயில் தூக்கம்தான் திறவுகோல். ஓரிரு இரவு தூக்கம் கெட்டாலே சிலருக்கு உற்சாக நிலை தலைதூக்கிவிடும். அமெரிக்காவில் தாமஸ் வேர் என்ற மனநல ஆராய்ச்சியாளர், மனநிலை வேகவேகமாக மாறுகிற 17 நோயாளிகளை நீண்ட காலம் கவனித்தார். அவர்களுடைய மாற்றங்கள் நிலாவின் சுழற்சிகளோடு ஒத்துப்போவதாக 2018-ல் எழுதினார். 17 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, அவர்களும் எல்லா நோயாளிகளையும் போன்றவர்கள் இல்லை. ஆனாலும் ஒதுக்கித் தள்ளிவிடக்கூடிய வேலை இல்லை.

அதற்கு முன்பே 1999-ல் இன்னொரு குழு ஒரு கருத்தை வைத்தது: தெருவிளக்கு வராத காலத்தில், வெட்டவெளியில் படுத்தவர்களுக்குப் பௌர்ணமி வெளிச்சம் தூக்கத்தைக் கெடுத்திருக்கும், அதனால் சிலருக்கு நோய் கிளம்பியிருக்கும், பழைய நம்பிக்கைக்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்று. எனக்கு இது நியாயமாகப் படுகிறது. பாட்டி காலத்தில் உண்மையாக இருந்த ஒன்று நம் காலத்தில் பேச்சாக மட்டும் மிஞ்சியிருக்கலாம்.

இப்போது மதுரைக்கு வாருங்கள். இங்கே பௌர்ணமி சும்மா வருவதில்லை, திருவிழாவோடு வருகிறது. சித்ரா பௌர்ணமிக்கு அழகர் ஆற்றில் இறங்குகிறார். முதல் நாள் எதிர்சேவை, ராத்திரி முழுக்க ஆற்றங்கரையில் கூட்டம், மேளம், மைக், சித்திரை மாதத்து வெக்கை. தைப்பூசத்துக்குத் தெப்பக்குளத்தில் தெப்பம். மாதா மாதம் திருப்பரங்குன்றத்தில் கிரிவலம். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சதுரகிரி மலையேற்றம், அதற்கு விடிவதற்கு முன்பே மலையடிவாரமான தாணிப்பாறையில் நிற்க வேண்டும். மாத்திரை சாப்பிடுகிற ஒருவர் இதில் எதற்காவது போய், இரண்டு ராத்திரி கண்விழித்து, மாத்திரை டப்பாவையும் வீட்டில் மறந்துவிட்டு வந்தால் மூன்றாம் நாள் பேச்சு கூடும், தூக்கம் போகும், காசை வாரி இறைப்பார். வீட்டில் சொல்வார்கள், "பௌர்ணமி வேலையைக் காட்டிடுச்சு."

திருவிழாவுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், சொன்னால் மதுரையில் கடை நடத்த முடியாது. சாயங்காலம் போய்விட்டு, மாத்திரை போடுகிற நேரத்துக்கு வீடு திரும்பிவிடுங்கள். ராத்திரித் தூக்கத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அமாவாசை விரதம், கிருத்திகை விரதம் என்று தண்ணீர்கூட இல்லாமல் இருக்காதீர்கள். உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் அளவு ஏறும். கை நடுக்கம், வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம் வந்தால் அதை "சாமி வருது" என்று விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விரதம் இருந்தே தீர வேண்டும் என்றால் முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள். அவர்கள் திட்டமாட்டார்கள்.

வலிப்பு அமாவாசைக்குத்தானே வரும்?

அமெரிக்காவில் புளோரிடாவில் ஒரு வலிப்புக் கண்காணிப்புப் பிரிவில் மூன்று வருடங்களில் பதிவான 770 வலிப்புகளை நிலாவோடு ஒப்பிட்டு 2004-ல் எழுதினார்கள். பௌர்ணமியையொட்டி வந்ததைவிடத் தேய்பிறை அரை நிலாவையொட்டி வந்தது அதிகம். மாத்திரை தவறுவது, தூக்கம் கெடுவது, காய்ச்சல், குடி இவைதான் வலிப்பைக் கிளப்புபவை. வலிப்பு வந்தால் கையில் சாவியைத் திணிக்காதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

நாய்கள் அன்றைக்கு அதிகம் கடிக்குமாமே?

2000-ம் வருடம் டிசம்பரில் ஒரே பிரிட்டிஷ் மருத்துவ இதழில், ஒரே வாரத்தில், இரண்டு கட்டுரைகள் வந்தன. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகர ஆஸ்பத்திரிக்கு விலங்குக் கடியோடு வந்த 1,621 பேரை எண்ணி, பௌர்ணமிக்குக் கடி கூடுகிறது என்றது ஒன்று. ஆஸ்திரேலியா முழுக்க நாய்க்கடிச் சேர்க்கைகளை எண்ணி, அப்படி ஒன்றும் இல்லை என்றது மற்றொன்று. நிலா ஆராய்ச்சி முழுவதையும் யாராவது ஒரு பக்கத்தில் காட்டச் சொன்னால் நான் இந்த இதழைத்தான் காட்டுவேன்.

எந்தத் திதியில் கடித்தாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுங்கள், அன்றைக்கே ஊசி போடுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம்.

பிரசவம்?

இல்லை. அமெரிக்காவில் வடக்குக் கரோலினா மாநிலத்தில் 1997 முதல் 2001 வரை நடந்த 5,64,039 பிரசவங்களைப் பார்த்தார்கள். எந்தப் பிறையிலும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மாதவிடாய் நிலாவோடு சேர்ந்து வருகிறதே?

சிலருக்குச் சில மாதங்கள் சேர்ந்து வரும், அப்புறம் விலகிவிடும். 28 நாள் சுழற்சி உள்ள ஒருவருக்கு மாதம் ஒன்றரை நாள் முந்தி முந்தி வந்து, நாலைந்து மாதத்தில் அமாவாசையிலிருந்து ஏறத்தாழ ஒரு வாரம் தள்ளிப்போய்விடும். மூன்று மாதம் மட்டும் பார்த்தால் "அமாவாசைக்குத்தான் எனக்கு எரிச்சல்" என்று சத்தியமே செய்யலாம். வருடம் முழுக்கக் குறித்தால் உண்மை தெரியும். 2021-ல் ஜெர்மனியில் 22 பெண்கள் வருடக்கணக்கில் எழுதிவைத்த நாட்குறிப்புகளை ஆராய்ந்தவர்கள், சிலருக்கு அவ்வப்போது நிலாவோடு ஒத்துப்போகிறது என்றார்கள். 22 பேரை வைத்து ஊருக்கெல்லாம் சட்டம் எழுத முடியாது. மாதவிடாய்க்கு முந்திய வாரத்தில் மனம் மிகவும் கனத்துப்போகிறது, சாகலாம் போலத் தோன்றுகிறது என்றால் அதற்குச் சிகிச்சை உண்டு. "பொம்பளைங்கன்னா அப்படித்தான்" என்று வீட்டில் சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

பௌர்ணமி இரவில் வண்டி ஓட்டலாமா?

தாராளமாக. ஆனால் ரோட்டைப் பார்த்து ஓட்டுங்கள். அமெரிக்காவில் 1975 முதல் 2014 வரை இரவில் மோட்டார் சைக்கிள் விபத்தில் போன உயிர்களை எண்ணினார்கள். பௌர்ணமி இரவுக்குச் சராசரியாக 9.10 விபத்து, மற்ற இரவுகளுக்கு 8.64. வித்தியாசம் சின்னதுதான். புத்தி பேதலித்துப்போய் யாரும் விழவில்லை. திடீரென்று பெரிதாக நிலா எதிரே தெரிந்தால் கண் அங்கே போவது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். எங்கள் ரிங் ரோட்டில் நிலாவைவிட எதிரே வருகிற லாரியின் ஹைபீம்தான் பயம்.

சந்திராஷ்டமம் அன்று மனசு சரியாக இல்லையே?

இது பிறைக் கணக்கு இல்லை, ராசிக் கணக்கு. உங்கள் ராசிக்கு எட்டாம் ராசியில் சந்திரன் இருக்கிற இரண்டேகால் நாள். சிவகாசியில் அச்சாகிற தினசரிக் காலண்டரில் ராகுகாலத்துக்குப் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள், காலையில் தாளைக் கிழிக்கும்போதே கண்ணில் பட்டுவிடும்.

ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். ராசி பன்னிரண்டு. ஆக எந்த நாளை எடுத்தாலும் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒருவருக்குச் சந்திராஷ்டமம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகை 7.21 கோடி. அதன்படி தினமும் 60 லட்சம் பேர் மனம் குழம்பித் திரிய வேண்டும், பஸ் ஓட்டுகிறவர், ஆபரேஷன் செய்கிறவர் உட்பட. காலையில் தாளைப் பார்த்துவிட்டு "இன்னைக்கு எது பேசினாலும் சண்டை வரும்" என்று நினைத்துக்கொண்டு வெளியே போனால் சண்டை வரத்தான் செய்யும். சரி, அன்றைக்கு ஒரு நாளாவது வாயை அடக்குவோம் என்று எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் குறுக்கே நிற்கவில்லை.

சந்திர கிரகணம்?

அதுவும் ஒரு பௌர்ணமிதான், நிழல் விழுந்த பௌர்ணமி. வெறும் கண்ணால் பார்க்கலாம். மாத்திரை போடுகிற நேரம் கிரகண நேரத்தில் வந்தால் மாத்திரையைப் போடுங்கள்.

கிரிவலம் போய்வந்தால் மனசு லேசாகிறதே, அப்போது நிலா நல்லது செய்கிறதா?

குளிர்ந்த நேரத்தில் கூட்டத்தோடு ஒன்றிரண்டு மணி நேரம் நடக்கிறீர்கள். கடன்காரன் போன் வராது. கூட நடக்கிறவரிடம் மனசு விட்டுப் பேசுகிறீர்கள். லேசாகத்தான் செய்யும், தேய்பிறையில் நடந்தாலும் ஆகும். பௌர்ணமி என்று ஒரு நாள் குறித்திருப்பதால்தான் நாம் கிளம்புகிறோம் என்பது உண்மை. அந்த அளவுக்கு நிலாவுக்கு நன்றி சொல்லலாம்.

அப்படியென்றால் கோயிலுக்கோ தர்காவுக்கோ கூட்டிப்போகவே கூடாதா?

கூட்டிப்போங்கள். மாத்திரையையும் எடுத்துக்கொண்டு போங்கள். சங்கிலியை மட்டும் எடுத்துப்போகாதீர்கள்.

2001 ஆகஸ்ட் 6-ம் தேதி அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் நடந்தது பலருக்கு இன்னும் ஞாபகம் இருக்கும். தர்காவில் வேண்டிக் குணமாக்கலாம் என்று குடும்பங்கள் கொண்டுபோய் விட்ட மனநோயாளிகளைத் தனியார் விடுதி ஒன்றில் சங்கிலியில் கட்டிவைத்திருந்தார்கள். கொட்டகை தீப்பிடித்தது. ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே விட்டவர்கள் எல்லாம் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. வைத்தியம் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள், தெரிந்தும் ஊர் பேசுமே என்று பயந்தவர்கள். அதன் பிறகு அந்த விடுதிகளை அரசு மூடியது. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று நேராகவே சொல்கிறது. வீட்டுத் திண்ணையில் கட்டினாலும் எனக்கு அது ஏர்வாடிதான்.

பூசாரி "இங்கிலீஷ் மருந்தை நிறுத்தினால்தான் சாமி ஏற்கும்" என்று சொன்னால் அந்த இடத்தை விட்டுக் கிளம்பிவிடுங்கள். எனக்குத் தெரிந்த பூசாரிகளில் அப்படிச் சொல்லாதவர்களும் இருக்கிறார்கள். "மாத்திரையைப் போட்டுட்டு வா, விபூதி தர்றேன்" என்பார்கள்.

எங்கள் வீட்டுக் கதை வேறு என்று தோன்றுகிறது. நாங்களே சோதித்துப் பார்க்க முடியுமா?

முடியும். எழுதுகிற நோட்டுப் புத்தகம் ஒன்று போதும், பத்து ரூபாய்க்கு. தினமும் ராத்திரி நாலு விஷயம் எழுதுங்கள்: எத்தனை மணிக்குப் படுத்தார், எத்தனை மணிக்கு எழுந்தார், மாத்திரை போட்டாரா, இன்றைக்கு மனநிலை பத்துக்கு எத்தனை. பெண் என்றால் மாதவிடாய் நாளையும் குறியுங்கள். குடி இருந்தால் அதையும் ஒளிக்காமல் எழுதுங்கள். திதியை மட்டும் எழுதக் கூடாது. முடிந்தால் எழுதுகிறவர் கண்ணில் காலண்டர் படாமல் இருப்பது நல்லது, நம் வீடுகளில் அது கஷ்டம்தான்.

குறைந்தது ஆறு மாதம் ஆகட்டும், ஒரு வருடம் என்றால் இன்னும் நல்லது. பிறகு வீட்டில் சம்பந்தப்படாத ஓர் ஆளிடம், பத்தாம் வகுப்புப் படிக்கிற பக்கத்து வீட்டுப் பிள்ளை போதும், பஞ்சாங்கத்தைக் கொடுத்து அமாவாசை, பௌர்ணமியைக் குறிக்கச் சொல்லுங்கள். 'அமாவாசையன்று' என்றால் எத்தனை நாள் கணக்கு என்பதை முன்னாடியே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். பார்த்த பிறகு கூட்டிக் குறைத்தால் ஆட்டம் கலைந்துவிடும். மோசமான நாட்களில் ஐந்தில் ஒன்று அந்த ஆறு நாட்களுக்குள் வந்தால் அது தற்செயல். பாதிக்கு மேல் வந்தால், அந்த நாட்களுக்கு முந்திய இரண்டு ராத்திரித் தூக்கத்தையும் மாத்திரையையும் பாருங்கள். அதற்கும் பிடிபடவில்லை என்றால் நோட்டை டாக்டரிடம் காட்டுங்கள். மூட்டையாக ரிப்போர்ட் கொண்டுபோவதைவிட இந்த நோட்டு அவருக்கு உபயோகம்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

இரண்டு மூன்று இரவாகச் சுத்தமாகத் தூக்கம் இல்லை, ஆனால் களைப்பும் இல்லை. காதில் குரல் கேட்கிறது என்கிறார். சாப்பாட்டில் விஷம் வைத்துவிட்டார்கள் என்கிறார். சாகப்போகிறேன் என்று ஒரு தடவை சொன்னாலும் போதும். பிரசவமான சில நாட்களில் தாய் தூங்காமல் சம்பந்தமில்லாமல் பேசுகிறார். இவற்றில் எது வந்தாலும் அமாவாசை கழியட்டும் என்று இருக்காதீர்கள்.

14416 என்ற எண்ணில் மத்திய அரசின் டெலிமானஸ் மனநல உதவி இருபத்து நாலு மணி நேரமும் கிடைக்கும், தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. தமிழ்நாட்டு அரசின் 104-க்கும் பேசலாம். நேரில் என்றால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில், நாம் பெரியாஸ்பத்திரி என்று சொல்கிற இடத்தில், மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே மாத்திரைக்குப் பணம் கிடையாது. போகும்போது பழைய சீட்டுகள் எல்லாவற்றையும், வேறு நோய்க்குச் சாப்பிடுகிற மாத்திரைகளையும், நாட்டு மருந்து ஏதும் கொடுத்திருந்தால் அந்தப் பொட்டலத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக எந்தத் தேதியில் மாத்திரை போட்டார் என்று கேட்பார்கள். அதற்குச் சரியான தேதியைச் சொல்லுங்கள், "போன அமாவாசைக்கு முந்தி" என்று சொன்னால் அவர்கள் காலண்டரைத் தேட வேண்டியிருக்கும்.